பழைய ஜிடி காரைக் குடும்ப வண்டியாக்குவது எப்படி: பின் இருக்கையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

இரண்டு கதவு, நீண்ட மூக்கு, முன்னால் தாராளமாக இரண்டு இருக்கை, பின்னால் போனால் போகிறதென்று வைத்தது போல் இரண்டு இருக்கை. கிராண்ட் டூரர், சுருக்கமாக ஜிடி என்று அழைக்கப்படும் இந்த வகைக் கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வீட்டு வண்டியாக ஓட்டிவருகிறேன். பள்ளிக்கும் அதில்தான், மளிகைக்கும் அதில்தான், விடுமுறைப் பயணத்துக்கும் அதில்தான். என்னைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய நான்கைந்து பேருக்கு உதவியிருக்கிறேன். அவர்களில் இருவர் ஓராண்டுக்குள் விற்றுவிட்டார்கள். இருவருடைய கார்களும் நல்ல கார்கள்தான். வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்ததுதான் அவர்களைச் சலிப்படைய வைத்தது.

எல்லோரும் பானெட்டைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். குழந்தை இருக்கை பின்னால் சரியாக நிற்காது என்பது காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே தெரிகிறது. ஆகவே இந்த வழிகாட்டி பின் இருக்கையில் தொடங்கி முன்னோக்கி நகர்கிறது. நான் பழைய கார் என்று சொல்வது ஏறத்தாழ 20 முதல் 45 வயதுள்ள கார்களை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, இந்தக் கார் இல்லாத நாளில் குடும்பம் நகர ஒரு வழி. இன்னொரு சிறிய கார், பஸ், ரயில், உறவினர் வண்டி, எதுவானாலும் சரி. பழைய கார் பழுதாவதைக் காட்டிலும், அதன் உதிரிபாகம் வந்துசேரக் காத்திருக்கும் நாட்கள்தான் அதிகம். மாற்று வழி இல்லாதவர்கள் அவசரத்தில் தவறான பாகத்தைப் போட்டு ஓட்டுவார்கள். அங்கேதான் செலவு இரட்டிப்பாகும்.

இரண்டாவது, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்காவது தனியே ஒதுக்கிய பணம். இது நடக்கக்கூடிய பழுதுக்கான சேமிப்பு என்று நினைக்காதீர்கள். முதல் மாதத்திலேயே கரையப்போகும் தொகை. கையில் உள்ள அத்தனையையும் காருக்கே கொடுத்தவர், பெட்ரோல் ஹோஸ் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்.

மூன்றாவது, அந்த மாடலுக்கான பட்டறைக் கையேடு, ஒரு மல்டிமீட்டர், நல்ல டார்ச், டயர் காற்றழுத்தமானி. நான்காவது, அதே மாடலை முன்பு கழற்றிப் பூட்டிய மெக்கானிக் ஒருவர். பொதுவாகக் கெட்டிக்காரர் என்பது போதாது. காரை வாங்குவதற்கு முன்பே அவரைப் போய்ப் பார்த்து, வேலை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவிடுங்கள். வாங்கியபின் தேடினால், யார் கிடைக்கிறாரோ அவரிடம்தான் விடுவீர்கள்.

1. குழந்தை இருக்கையோடு காரைப் பார்க்கப் போங்கள்

உங்கள் வீட்டில் இப்போது பயன்படுத்தும் அதே குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் குழந்தையையும். விற்பவர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து உட்காருங்கள். அதை நகர்த்தாமல், பின்னால் குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். வரிசை முக்கியம். பின்னால் முதலில் பொருத்திவிட்டு முன்னிருக்கையை அதற்கேற்ப நகர்த்தினால், ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி பத்து நிமிடம் ஓட்டிப்பார்த்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள்.

அடுத்து சீட் பெல்ட். பின்னால் இருப்பது இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட்டா, தோளையும் சேர்த்துக் கட்டும் மூன்று முனைப் பெல்ட்டா என்று பாருங்கள். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கைக்கு மூன்று முனைப் பெல்ட் கட்டாயம் வேண்டும். இடுப்புப் பெல்ட்டில் பூஸ்டரை வைப்பது கூடவே கூடாது. மோதும்போது மேலுடல் முழுவதும் முன்னே மடியும். தோள் பெல்ட்டுக்கான நங்கூரப் புள்ளி காரின் உடலில் தயாரிப்பின்போதே விடப்பட்டிருந்தால் பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் துளைபோட்டு நட்டு வைத்துச் சமாளிக்கும் பேச்சே வேண்டாம். வேறு கார் பாருங்கள்.

ஐசோஃபிக்ஸ் கொக்கிகளை, அதாவது குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமல் காரின் உடலோடு நேராக மாட்டும் கொக்கிகளை, எதிர்பார்க்காதீர்கள். அதற்கான உலகத் தரநிர்ணயமே 1999-இல்தான் வந்தது. பெல்ட்டால் கட்டக்கூடிய இருக்கையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டியபின் இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள். ஜிடி கார்களின் பின்னிருக்கை கிண்ணம் போல் குழிந்திருக்கும். தட்டையான அடியுள்ள குழந்தை இருக்கை அதில் தொட்டில் மாதிரி ஆடும். பெல்ட்டின் கொக்கி குழிக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் பூஸ்டரின் ஓரம் அதன்மேல் ஏறி உட்காரும். இந்த இரண்டு சிக்கலையும் படத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கைதான் பெரிய சோதனை. ஐநா 129 விதிமுறைப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். பல ஜிடி கார்களில் அந்த இருக்கை முன்னிருக்கையின் முதுகில் இடிக்கும். அப்படியானால் அதை முன்னால் வைக்கலாமே என்று தோன்றும். பயணி பக்கத்தில் ஏர்பேக் இருந்து, அதை முறைப்படி செயலிழக்கச் செய்ய முடியாவிட்டால், அது உயிருக்கு ஆபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு என் ஆலோசனை: இரண்டு ஆண்டு பொறுத்திருங்கள்.

எந்தக் கார் எவ்வளவு இடம் தரும்? மெர்சிடிஸ் எஸ்எல்சி, இரு இருக்கை எஸ்எல் காரின் அச்சிடைத் தூரத்தை (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள நீளத்தை) 360 மி.மீ. நீட்டிச் செய்தது, பெரியவர்களே பின்னால் உட்காரலாம். 1981 முதல் 1991 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்இசி, 1976 முதல் 1989 வரை வந்த முதல் பிஎம்டபிள்யூ 6 சீரிஸ் இரண்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. போர்ஷே 928-இல் பின்னால் இரண்டு தனிக் கிண்ண இருக்கைகள், நடுவில் உயர்ந்த சுரங்கம். பள்ளிக் குழந்தைகளுக்குச் சரி. பின் பயணிகளுக்கும் வெயில் மறைப்புத் தகடு வைத்த அபூர்வக் கார் அது. என் பிள்ளைகள் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வெளியே கப்பல், பின்னால் ஓடம். போர்ஷே 911-இன் பின்னிருக்கை சிறு குழந்தைக்குப் போதும். பத்து வயதுக்குப் பிறகு புகார் தொடங்கும்.

கடைசியாக, கதவு. இரண்டு கதவுக் காரில் கதவு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு, அவ்வளவு மட்டும் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி உள்ளே வைத்துப் பாருங்கள். தினமும் இரண்டு முறை செய்யப்போகும் வேலை இது. உங்கள் முதுகு அன்றே பதில் சொல்லிவிடும்.

2. துருவைப் பாருங்கள், பிறகு எஞ்சின்

பின்னிருக்கை தேறிவிட்டால் காரின் உடலுக்கு வாருங்கள். எஞ்சின் பாகங்களைக் கழற்றி மாற்றலாம். உடலில் ஓடிய துருவை வெட்டியெடுத்துப் பற்றவைக்க வேண்டும். அது பல மாத வேலை. அதைவிட முக்கியம், சீட் பெல்ட்டின் நங்கூரங்கள் தரைத்தகட்டிலும் கதவடிப் பெட்டியிலும்தான் இருக்கின்றன. அங்கே துருவென்றால் குழந்தையைக் கட்டியிருக்கும் பெல்ட் தாங்காது.

பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, ஜாக்கி வைக்கும் புள்ளிகள், முன் பின் கண்ணாடிகளின் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், பின் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் மூலைகள். கம்பளத்தைத் தூக்கி விரலால் தொட்டுப்பாருங்கள். ஈரம் இருந்தால் துரு ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது, அல்லது தொடங்கப்போகிறது. சன்ரூஃப் இருந்தால் அதன் ஓரக் கால்வாயில் ஒரு குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்கு அருகே கீழே சொட்டினால் நல்லது. எங்குமே சொட்டவில்லை என்றால் தண்ணீர் உள்ளேதான் போயிருக்கிறது.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. அலுமினியத் தகடா என்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 928-இன் கதவுகளும் பானெட்டும் அலுமினியம். ஒரு நண்பர் அங்கே காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, விற்பவரோடு சண்டைக்குப் போனார்.

3. எஞ்சினைக் குளிராகப் பாருங்கள், சூட்டோடு மறுபடி கிளப்புங்கள்

வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சென்றவுடன் எஞ்சினைத் தொட்டுப்பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் தேய்ந்த வால்வு சீலையும் தளர்ந்த டைமிங் செயினையும் காட்டிக்கொடுக்கும். சூடானபின் பல குறைகள் மறைந்துவிடும்.

பிறகு குறைந்தது 40 நிமிடம் ஓட்டுங்கள். நெரிசலிலும் ஊர்ந்து, திறந்த சாலையிலும் போய், திரும்ப வந்து எஞ்சினை நிறுத்தி, 15 நிமிடம் கழித்துக் கிளப்புங்கள். பள்ளி வாசலில் நிறுத்தி, குழந்தையை இறக்கி, திரும்பி வந்து கிளப்புவது இதே சூழ்நிலைதான். நிறுத்தியபின் எஞ்சின் அறையின் வெப்பம் குறைவதற்குப் பதில் கொஞ்ச நேரம் ஏறும். பெட்ரோல் குழாயில் ஆவி கட்டும்; சோர்ந்த ஸ்டார்ட்டர் முனகும். குடும்ப வண்டியாக ஓடுமா என்பதற்கு இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது.

மாடலுக்கு மாடல் தனிப்பட்ட பலவீனம் உண்டு. 928-இன் 32 வால்வு வி8, போர்ஷே 944-இன் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஆகியவற்றில், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். ஆட்டோமேட்டிக் 928 என்றால், எஞ்சினையும் பின்னாலிருக்கும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீண்ட தண்டின் முன்முனைக் கிளாம்ப் நழுவி, கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்க் எவ்வளவு முன்பின் ஆடுகிறது என்று அளக்காமல் வாங்கக் கூடாது. எஸ்இசி, எஸ்எல்சி கார்களின் வி8 எஞ்சினில் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் வயதானால் நொறுங்கும். எக்ஸ்ஜே-எஸ் வி12 ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலும் வால்வு சீட் கழன்று விழலாம். 1990-களின் முதற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் ஒயரின் உறை தானாக உதிரும்.

இவற்றைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அறியப்பட்ட பலவீனம் பாதி தீர்ந்த பலவீனம். விற்பவரிடம் பில்லும் தேதியும் கேளுங்கள். பெல்ட் புதிதாகப் போட்டது என்று வாயால் சொன்னால், பெல்ட் போடவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

4. முதல் மாதம் குடும்பத்தை ஏற்றாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. காரை வாங்கிய மறுநாளே எல்லோரும் ஏறிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாற்பது கிலோமீட்டரில் ஹோஸ் வெடிக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் அந்தக் காருக்கு வேறு பெயர். இழந்த நம்பிக்கையை மீட்க ஓராண்டு பிடிக்கும், எனக்கே பிடித்தது.

முதல் மாதம் ரப்பர், திரவம் இரண்டையும் புதுப்பிக்கும் மாதம். எந்த வரிசையில்? எரியக்கூடியது முதலில், நிறுத்துவது இரண்டாவது, தரையைப் பிடிப்பது மூன்றாவது, சூடேறுவது நான்காவது, உடையக்கூடியது ஐந்தாவது. எஞ்சின் சக்தி, தோற்றம், ஒலி எல்லாம் அதற்குப் பிறகு.

பெட்ரோல் ஹோஸ். டாங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள அத்தனை ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை உள்ளிருந்து அரிக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குமா, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று இரண்டையும் கேளுங்கள். கார்புரேட்டர் காரில் பெட்ரோல் அழுத்தம் 0.3 பார் அளவுதான். 1970, 80-களின் இயந்திரவகை இன்ஜெக்‌ஷனில் 5 பாரை எட்டும். கார்புரேட்டர் ஹோஸை இன்ஜெக்‌ஷன் காரில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சியது. அன்று அவர் தீயணைப்பானைக் கையருகே வைத்திருந்தார் என்பது மட்டுமே நல்ல செய்தி.

பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மலைச்சாலை இறக்கத்தில் பெடல் தரையைத் தொடும் கதைகளின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான்; மற்றவற்றோடு கலக்காது. டாட் 5.1 வேறு. எண் நெருக்கமாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்துப் பாருங்கள். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் கையோடு மாற்றுங்கள். அவை உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். எக்ஸ்ஜே-எஸ் காரின் பெரும்பாலான ஆண்டுகளில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அந்த வேலைக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.

டயர். பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பிறகு வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். படம் எடுத்துக்கொண்டு தூக்கி எறியுங்கள். பத்து வயதானதை எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், காரோடு பிறந்ததாகவே இருக்கும்.

குளிரூட்டல். இங்கே கஞ்சத்தனம் கூடவே கூடாது. ரேடியேட்டர் ஹோஸ் அத்தனையும், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட், வாட்டர் பம்ப் ஐந்தையும் ஒரே முறையில் மாற்றுங்கள். மூடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பார் கூடுதல் அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. மூடியின் ஸ்பிரிங் சோர்ந்தால் அந்த 20 டிகிரியும் போச்சு. மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் கார் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் இத்தனை ஆண்டுகளின் இலையும் பூச்சியும் கம்பளமாகப் படிந்திருக்கும். எனது காரில் அதை எடுத்தபின், நெரிசலில் முள் ஏறுவது நின்றே போனது. அதற்கு முன் இரண்டு தெர்மோஸ்டாட் வாங்கியிருந்தேன். கூலன்ட் வகைகளைக் கலக்காதீர்கள். பழையதை முழுதும் வடித்துத் தண்ணீரால் அலசிவிட்டுக் கையேடு சொல்லும் வகையை நிரப்புங்கள்.

டைமிங் பெல்ட். ஐந்தாவதாக வந்தாலும் வாட்டர் பம்போடு சேர்த்தே செய்யுங்கள். பல எஞ்சின்களில் பம்பை அந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது. ஒரே கூலியில் முடியும். டென்ஷனர், ரோலர் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய கார் என்பதால் பெல்ட் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரப்பருக்கு ஓட்டமும் வயது, ஓய்வும் வயது.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றுவதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வடித்த ஆயிலை வெள்ளைத்துணியில் ஊற்றி உலோகத்தூள் மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

5. மின்சாரத்தை எர்த்திலிருந்து தொடங்குங்கள்

பழைய காரின் மின்கோளாறுக்குப் பேய் பிடித்ததைப் போன்ற பெயர் உண்டு. பாதிப் பேய் எர்த் இணைப்பில் குடியிருக்கிறது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து (மைனஸ்) உடலுக்கும், உடலிலிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ஒயர்களைக் கழற்றி, உலோகம் தெரியச் சுரண்டி, மறுபடி பூட்டுங்கள். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ அரிப்பு இருக்கிறது. இதைச் செய்யாமல் ரிலேயும் சுவிட்சும் வாங்கிக் குவிப்பது வீண்.

அடுத்து ஃபியூஸ்கள். ஒவ்வொன்றாக எடுத்து முனையைத் துடைத்து, கையேடு சொல்லும் ஆம்பியருக்கே மாற்றுங்கள். முன்னாள் உரிமையாளர் யாரோ 8 ஆம்பியர் இடத்தில் 25 போட்டிருப்பார். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

பிறகு கசிவு மின்னோட்டம். கார் பூட்டி அரை மணி கழிந்தபின், பேட்டரி வழியே 50 மில்லியாம்பியருக்குள் போனால் சரி. அது நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. நல்ல பேட்டரி பல வாரம் தாங்கும். அரை ஆம்பியர் போனால் நாளுக்கு 12. மூன்று நாள் நிறுத்திவைத்தால் நான்காம் நாள் காலை பள்ளிக்கு ஆட்டோ தேட வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எது எடுத்ததும் அளவு விழுகிறது என்று பாருங்கள். பிற்காலத்தில் மாட்டிய அலாரமும் பாட்டுப்பெட்டியும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

6. உள்ளே இருக்கும் காற்று

நீண்ட பின் கதவுள்ள கார்களில் அந்தக் கதவின் ரப்பர் சீல் இறுகிப்போனால், ஓடும்போது பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பது குழந்தைகள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. பெட்ரோல் எரிந்த வாடை வந்தால் அதோடு இதுவும் வருகிறது என்று கொள்ளுங்கள். சைலன்சர் இணைப்புகளைச் சரிபார்த்து, சீலை மாற்றி, மின்கலத்தில் இயங்கும் சிறிய கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பின்னிருக்கை அருகே வையுங்கள்.

ஏசி இந்தக் கார்களில் ஆடம்பரம் கிடையாது. பின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் திறக்காதவை. மேலே சரிந்த பெரிய கண்ணாடி வழியே வெயில் நேராகக் குழந்தைகள்மேல் விழும். 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தைய கார்கள் ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றும்போது பழைய கம்ப்ரஸர் ஆயிலை வெளியேற்றி, ரப்பர் வளையங்களையும் ஈரமுறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். பழைய ஆயில் புதிய வாயுவோடு சுற்றாது, கம்ப்ரஸர் காய்ந்து இறுகிவிடும். வெறுமனே வாயு நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள்.

7. படிப்படியாக ஒத்திகை

வேலையெல்லாம் முடிந்ததும் முதலில் தனியாக, வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். நிறுத்தி அடியில் அட்டை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். சொட்டு விழுந்தால் எந்த நிறம், எந்த இடம் என்று குறியுங்கள். அடுத்து ஐம்பது, பிறகு இருநூறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பின் சக்கர நட்டு, ஹோஸ் கிளிப், ஆயில் அளவு. புதிய ஹோஸ் சூடாகி ஆறியதும் கிளிப் தளர்வது இயல்பு. மறுமுறை இறுக்காமல் விட்டதால் நடுவழியில் நின்றவர்கள் உண்டு.

இருநூறும் தேறியபின் குடும்ப எடைக்குச் சமமாக மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ ஏற்றி ஓட்டுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஜிடி கார்களின் பின் ஸ்பிரிங் வயதால் சோர்ந்திருக்கும். வெறும் காரில் தெரியாது. நான்கு பேரும் பெட்டியும் ஏறியதும் மேட்டில் டயர் உடலை உரசும், முகப்பு விளக்கு மேலே பார்த்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். முழுச்சுமைக்கான பின் டயர் காற்றழுத்தம் கையேட்டில் தனியாக இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

8. டிக்கியும் பெட்டிகளும்

குழந்தைகள் பின்னால் இருந்தால் மடக்கும் இருக்கை மடங்காது. எனவே படத்தில் பார்த்த இடத்தில் பாதிதான் உங்களுடையது. கெட்டியான சூட்கேஸை விட்டுவிட்டு மென்மையான பைகளுக்கு மாறுங்கள். ஸ்டெப்னியைச் சுற்றியுள்ள கோணல் இடங்களிலும் அவை புகும். பின்கதவுக் கார்களில் சாமானுக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே தடுப்புச் சுவர் இல்லை. வலை கட்டுங்கள், கனமானதைக் கீழே வையுங்கள். தலைக்குப் பின்னால் தட்டில் எதையும் வைக்காதீர்கள், குடையைக்கூட.

9. அன்றாட ஓட்டம்

பெரிய எஞ்சினுக்குக் குட்டிப் பயணம் நஞ்சு. மூன்று கிலோமீட்டரில் ஆயில் சூடாகாது. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் கலந்து தங்கும். பள்ளி ஓட்டம் அவ்வளவுதான் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அரை மணிக்குக் குறையாமல் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கில் விடாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். காலையில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடத் தேவையில்லை. கிளப்பி, பெல்ட் கட்டி, மெதுவாகக் கிளம்பினால் சீக்கிரம் சூடாகும். ஆயில் சூடாகும்வரை மிதிக்காதீர்கள். தண்ணீர் முள் ஏறிவிட்டதென்பதால் ஆயிலும் சூடாகிவிட்டதாகாது.

வாரம் ஒரு முறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பத்து நிமிடம்: ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று, விளக்குகள், அடியில் ஈரம். நான் ஞாயிறு காலையில் செய்கிறேன். என் மகள் விளக்குகளைப் பார்ப்பாள். எட்டு வயதில் பின் பிரேக் விளக்கில் ஒன்று மங்கலாக எரிகிறது என்று அவள் சொன்னாள், நான் கவனிக்கவே இல்லை.

வெப்பமானி ஏறினால் வீட்டில் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரே விதி: ஓரம் கட்டு, நிறுத்து, மூடியைத் தொடாதே. அடுத்த திருப்பம்வரை போய்விடலாம் என்ற நினைப்பால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

10. ஏடும் உதிரிபாகமும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினீர்கள், எங்கே வாங்கினீர்கள், பாக எண். இரண்டாம் ஆண்டிலிருந்து இதன் அருமை தெரியும்.

நின்றபின் தேடினால் வாரக்கணக்கில் ஆகும் பாகங்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்: பெட்ரோல் பம்ப் ரிலே, தெர்மோஸ்டாட், ஒரு செட் எஞ்சின் பெல்ட், டிஸ்டிரிபியூட்டர் மூடியும் ரோட்டரும், இக்னிஷன் சென்சார், சக்கர பேரிங் ஒன்று. ஆனால் ரப்பர் பாகங்களை ஒரு செட்டுக்கு மேல் குவிக்காதீர்கள். அலமாரியிலும் அவற்றுக்கு வயது ஏறும். காருக்குள் எப்போதும் தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், ஃபியூஸ்கள், டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டிகளுக்கு அடியில் இருந்து பயனில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பெரிய வேலையைத் தொடங்காதீர்கள். சஸ்பென்ஷன் புஷ் மாற்றக் கழற்றும்போது, கையோடு கியர்பாக்ஸையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அப்படித்தான் ஒரு நண்பரின் கார் பதினாலு மாதம் பலகைமேல் நின்றது. ஒன்றை முடித்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது.

11. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பின்னால் உட்காருங்கள்

குழந்தைகள் வளர்கிறார்கள், கார் வளர்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி முதல் படிக்கே போங்கள். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னிருக்கையில் நீங்களே அரை மணி பயணம் செய்யுங்கள். வெயில் எங்கே விழுகிறது, ஏசி காற்று வருகிறதா, எந்த வாடை, எந்த இரைச்சல் என்று அப்போதுதான் தெரியும். குழந்தையின் தலை கூரையையோ பின்கண்ணாடியையோ தொடுகிறதா, தோள் பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவே போகிறதா, முழங்கால் முன்னிருக்கையை முட்டுகிறதா என்று பாருங்கள். பெல்ட்டை முழுவதும் இழுத்து நூல் பிரிந்திருக்கிறதா என்றும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிறதா என்றும் சோதியுங்கள்.

தலை கண்ணாடியைத் தொட்டுவிட்டால் அந்தக் குழந்தைக்கு அந்தக் காரில் பின்னிருக்கை முடிந்தது. என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் முடிந்தது. இப்போது அவன் முன்னால் உட்கார்கிறான், என் மனைவி பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஏசி சரியில்லை என்கிறார். பின் துவாரத்துக்குப் போகும் குழாய் நடுச்சுரங்கத்துக்குள் கழன்றிருந்தது. பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகள் சொல்லவே இல்லை.